முத்திரை விழாத விசா நிபுணர்

விசா நிபுணர் என்றோர் இனம் உண்டு. அவருடைய கடவுச்சீட்டில் புகைப்படம் இருக்கும். முத்திரை ஒன்றுகூட இருக்காது. ஆனால் எந்த விசாவுக்கு எத்தனை நாள் ஆகும், முதலாளியை மாற்றலாமா, மனைவியை அழைத்துப் போகலாமா என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார். மனைவியா? நிபுணருக்கே வயது பத்தொன்பதுதான். சட்டையை இன்னும் அம்மாதான் தேய்த்துத் தருகிறார்.

மாதிரிக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். நானே இருக்கிறேன்.

பள்ளிக்கூடம் முடித்து, ஓராண்டு குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை கற்ற எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு வேலை அழைப்புகள் வந்தன. ஒன்று மீன் கம்பெனி: இரண்டு வருட விசா, ஆறு வாரத்தில் கிளம்பலாம், ஆனால் முதலாளியை மாற்ற முடியாது. இன்னொன்று சின்னப் பட்டறை: நான்கு வருட விசா, ஒரு வருடம் கழித்து வேறு முதலாளியிடம் மாறலாம், பிறகு அங்கேயே தங்கவும் வழியுண்டு, ஆனால் கிளம்ப எட்டு மாதம் ஆகும். இரண்டிலும் ஒரே ஓர் இடம்தான் காலி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யாருக்காவது "சரி" என்று ஒரு வரி எழுத வேண்டும்.

ஒரு வரி! நிபுணர் அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டார். முதலில் நீளமான நோட்டு ஒன்று வாங்குவார். பக்கத்தின் நடுவே கோடு போடுவார். சம்பளம், விடுமுறை, காப்பீடு, குளிர், மீன் வாடை என்று எழுதிக்கொண்டே போய், "முதலாளி திடீரென்று இறந்துபோனால்" என்று ஒரு கட்டமும் போட்டு, அதை நிரப்ப வழி தெரியாமல் அந்த முதலாளிக்கே மின்னஞ்சல் அனுப்புவார். பட்டறைக்காரருக்கு நான் அனுப்பிய பதினோரு கேள்விகளில் மூன்றாவது: "ஐயா, தங்களுக்கு இரத்த அழுத்தம் உண்டா?"

புதன்கிழமை குண்டூசி வந்தான். என்னோடு வேலை கற்றவன், ஒல்லி, அழைப்பு எதுவும் வராதவன். அவனுக்கு மூன்று மணி நேரம் விளக்கினேன்.

"சரிடா, ரெண்டுல எது நல்லது?"

"சந்தேகமே இல்ல, பட்டறைதான்."

"அப்புறம் ஏன்டா இன்னும் எழுதல?"

"சின்னதா ஒரு சந்தேகம்."

அவன் தலையைச் சொறிந்தான். "நானும் அந்தப் பட்டறைக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கவா? பின்னாடி இடம் வந்தா உதவுமே."

"தாராளமா!" என்று நானே எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அடுத்தவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வராது.

வெள்ளிக்கிழமை அக்கா கதவைத் தட்டினாள். "டேய், மணி நாலாச்சு. எழுதினியா இல்லையா?"

"அக்கா, இது வாழ்க்கைப் பிரச்சினை."

"நீ செருப்பு வாங்கப் போனாலே கடைய சாத்த வச்சுட்டுத்தானே வருவ!"

ரோஷம் வந்துவிட்டது. மீன் கம்பெனிக்கு மறுப்பு எழுதினேன். சும்மா இல்லை, அவர்கள் விசாவின் குறைகளை வரிசைப்படுத்தி இரண்டு பக்கம். நாலு ஐம்பத்தைந்துக்குப் பட்டறைக்கும் எழுதினேன்: "சரி. ஆனால், கீழ்க்கண்ட பன்னிரண்டாவது கேள்விக்குத் தாங்கள் தரும் பதிலைப் பொறுத்து."

பதில் உடனே வந்தது. "உங்கள் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் வர மனமில்லாதவரை வற்புறுத்த விரும்பவில்லை. உங்கள் நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார், கருவிகளைக் கையோடு கொண்டுவர வேண்டுமா என்று. அவரையே எடுத்துக்கொள்கிறோம். அவருடைய விண்ணப்பம் மிகத் தெளிவாக இருந்தது."

தெளிவாக இருக்காதா பின்னே!

"மச்சான், எல்லாம் உன்னாலதான்டா!" என்று குண்டூசி போனில் அழுதான். நன்றியில்தான் அழுதான். நானும் அழுதேன். காரணம் வேறு.

இப்போது என்னிடம் யோசனை கேட்க மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் வரிசையாகக் கிளம்பிப் போகிறார்கள். வழியனுப்ப நான் தவறாமல் போகிறேன்.

என்ன, சிரிக்கிறீர்களா? நீங்களும் இன்று யாருக்கோ ஒரு பதில் எழுத வேண்டும், இல்லையா? இதைப் படித்துவிட்டு எழுதலாம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்? கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன், வாருங்கள். நீங்கள் நம்ம ஆள்.