தண்ணீர் ஊற்றி வளர்த்த அடுப்பு

அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், நான் சிவில் இன்ஜினியர்.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம். அப்பாவுக்கு நெல்லும் கரும்பும். எனக்குப் பாண்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. பட்டியல் எழுதாமல் நான் பல்கூடத் தேய்க்க மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். (அபாண்டம். பல் தேய்ப்பது பட்டியலில் இரண்டாவதாக வரும்.)

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டு மீன் சட்டிகள் பரணுக்கு ஏறிவிடும். மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். அன்று காலை அப்பா நெற்றியில் நாமம் தீட்டி, சொம்புக்கும் ஒரு நாமம் தீட்டி, "கோவிந்தா, கோவிந்தா" என்று தெருவில் வீடு வீடாகப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை அரிசி போடுவார்கள். அந்த அரிசியில்தான் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டும். படைத்து முடித்ததும் அரிசி போட்ட வீடுகளுக்கெல்லாம் பொங்கல் போய்ச் சேர வேண்டும். இதில் மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு. படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாக்கில் ஒரு பருக்கை பட்டாலும் எச்சில்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக, அம்மா தோட்டத்துப் பக்கம் மூன்று செங்கல்லைக் கூட்டி, புகையில் கண்ணைக் கசக்கியபடி, வாசனையை மட்டும் வைத்து அந்தப் பொங்கலை இறக்கிவிடுவாள். ஒரு வருடம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயாடும் அம்மா, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் அம்மாவாகிவிட்டாள்.

"இந்த வருஷம் படையல் வேணாங்க," என்றாள் அப்பாவிடம். "நான்தான் எதுக்கும் ஆவாம ஒக்காந்துட்டனே."

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"நான் பண்றன்மா. நீ சும்மா ஒக்காந்திரு. ஒரு துரும்பக்கூட அசைக்க வேணாம்."

உடனே பட்டியல் போட்டேன். அரிசி, விறகு, பூசணிக்காய்: அப்பா. சமையல்: நான். அம்மா பெயரை எழுதி எதிரே 'ஓய்வு' என்று குறித்தேன். அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். புகை இல்லாமல் பொங்கல் வைத்து அம்மாவை அசத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. புகைபோக்கி வைத்த அடுப்பு ஒன்றை நானே வடிவமைத்தேன். முன்பார்வை, பக்கப்பார்வை, மேல்பார்வை எல்லாம் வரைந்தேன். (பெருமாள் கோயிலுக்கே அத்தனை வரைபடம் இருந்திருக்காது.) வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் தோட்டத்தில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அடுப்பு போடுகிறவர்கள் களிமண்ணைத் தவிட்டோடு குழைத்துப் பூசுவார்கள். படித்த எனக்கு அது தற்காலிக ஏற்பாடாகத் தெரிந்தது. சிமெண்ட் வாங்கி வந்தேன்.

சிமெண்ட் வேலை என்றால் தினமும் நனைக்க வேண்டும். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு குடம், மாலையில் வந்ததும் ஒரு குடம், மேலே ஒரு ஈரச் சாக்கு. அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, செடியா அது? தண்ணி ஊத்தற?"

"கியூரிங்பா. அப்பதான் கெட்டியாவும்."

"அடுப்பு இன்னாத்துக்கு அவ்ளோ கெட்டியா? எழுந்து ஓடியா பூடும்?"

பக்கத்துவீட்டு வசந்தா அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மாரியாத்தாளுக்குக் கோயிலா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா தோட்டத்துப் பக்க ஜன்னல் வழியாக, "நனைஞ்சே கெடக்குதேடி," என்று ஏதோ சொல்ல வந்தாள். "நீ ரெஸ்ட் எடும்மா," என்று நான் அந்த வாயையும் அடைத்தேன்.

(ஈரம் காயாத கான்கிரீட்டில் தீப்பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மேற்பரப்பு வெடித்துச் சிதறும் என்று தேர்வில் படத்தோடு எழுதியவள் நான். எழுதும்போது மனதில் மாடிக் கட்டடம்தான் இருந்தது. அடுப்பிலும் தீ எரியும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.)

சனிக்கிழமை வந்தது. அப்பா கொண்டுவந்த சொம்பில் தெருவே இருந்தது. பொன்னி, ரேஷன் பச்சரிசி, இட்லிப் புழுங்கல், யாரோ தாராளமாகப் போட்ட பாசுமதி. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் அளவு வேறு. நான் சராசரி எடுத்தேன்.

அடுப்பு அற்புதமாகப் பற்றிக்கொண்டது. துளி புகை இல்லை. அப்பா நாற்காலி போட்டு அம்மாவைத் தோட்டத்தில் உட்கார வைத்தார்.

"பாரும்மா, கண்ணு எரியுதா?"

"இல்லடி," என்றாள் மெதுவாக. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

அரிசி பாதி குழைந்து வந்தது. மூடியைத் திறந்து வெல்லப்பாகை ஊற்றினேன். 'டப்' என்று ஒரு சத்தம்.

"வெறவு வெடிக்குது," என்றார் அப்பா.

அடுத்தது 'படார்'. ஒரு சிமெண்ட் சில்லு பறந்துபோய்ப் புகைபோக்கியில் 'டங்' என்று அடித்தது. "கோவிந்தா," என்று அப்பா பின்வாங்கினார். காலையில் சொன்ன கோவிந்தா வேறு, இது வேறு. மூன்றாவது வெடிக்கு அடுப்பின் முன்சுவர் வாயைப் பிளந்தது. பித்தளைப் பானை நிதானமாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. நான் அதைக் கரண்டியால் முட்டுக்கொடுத்து நின்றேன். என் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது.

தெருவே போட்ட அரிசி. கொட்டினால் வேறு அரிசி கிடையாது, படையலும் கிடையாது.

"துணிய எடுடி," என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. அம்மா நாற்காலியில் இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, பானையின் கழுத்தை ஈரத்துணியோடு இடது கையால் பிடித்துவிட்டாள். மறுபக்கம் நான். "தூக்கு. பதறாத. வெய்யி." பானை தரைக்கு வந்தது. "இன்னாங்க பாத்துகினு நிக்கறீங்க? மூணு கல்லு எடுத்தாங்க." அப்பா மிச்சச் செங்கல்லை ஓட்டமாகக் கொண்டுவந்து வைத்தார். அம்மா காலாலேயே தள்ளிச் சரிசெய்தாள். எரிகிற விறகை நான் இழுத்துப் போட்டேன்.

புகை குபுகுபுவென்று வந்தது. கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் கரியோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, கை வலிக்குதே," என்று மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்றார்.

பானைக்குள் விழுந்த சில்லுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் கரண்டியால் எடுத்தேன். ருசி பார்க்க முடியாதே. அம்மா குனிந்து மோந்து பார்த்து, "இன்னம் வேவல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எறக்கு."

படைத்துக் கற்பூரம் காட்டினோம். முதல் பங்கு, படையல் பார்க்க வந்திருந்த வசந்தா அத்தைக்கு. வாயில் போட்டதும் 'கடக்'.

"இன்னா பாப்பா, முந்திரியா இது?"

"முந்திரிதான் அத்தை."

"வேவலயா?"

"அது... கொஞ்சம் கெட்டி ரகம்."

அத்தை என்னைப் பார்த்தார், உடைந்த அடுப்பைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நாசூக்காகத் துப்பினார். மற்ற வீடுகளுக்கு அப்பா பொங்கலோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தார்: "மெல்லாதீங்க, அப்டியே முழுங்காதீங்க." அதை எப்படித்தான் சாப்பிட்டார்களோ.

கடைசியில் அம்மாவுக்கு நான் ஊட்டிவிட்டேன். முதல் வாயிலேயே 'கடக்'. உள்ளங்கையை நீட்டினேன். துப்பினாள். அந்தச் சில்லை விரலால் புரட்டி நிதானமாகப் பரிசோதித்தாள்.

"கெட்டியாத்தான் வந்துருக்குது. இன்னொரு வாய் குடு."

அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சமைத்துப் பரிமாறினாலும், வெறும் ரசமாக இருந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: "இது சமைச்சதா, கட்டினதா?" மிச்சம் நின்ற அடுப்புச் சுவருக்குள் இப்போது புதினா வளர்கிறது. அதற்கும் காலையில் ஒரு குடம் ஊற்றுகிறேன். இந்த முறை யாரும் எதுவும் சொல்வதில்லை.

அம்மாவின் கை எப்போதோ சரியாகிவிட்டது. போன புரட்டாசியில் தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தை அதே வலது கையால் தூக்கி வந்து, மூன்று கல் அடுப்பருகே இறக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"நீ கிண்டு. எனக்குக் கை வலிக்குது," என்று இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"எந்தக் கைம்மா?"

இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கரண்டியப் புடிடி. அடி புடிக்குது பாரு."