‘மற்றவை’ இல்லாத வீடு

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, ஒரு பொத்தானுக்கு நிறம் தேர்ந்தெடுத்தது. சனிக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப். திரையில் அவள் செய்த ‘வீடு’ ஆப். வேலை முடிந்ததும் அமுக்க வேண்டிய ‘முடிந்தது’ பொத்தான் பச்சையாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்தப் பச்சை என்பதில்தான் சண்டை.

“இது பாசி பிடிச்ச மாதிரி இருக்குடி.”

“பொத்தான்தானேம்மா. அமுக்கப் போறது அப்பா. அவருக்கு என்ன தெரியப் போகுது?”

“இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கம்ப்யூட்டர் படிச்ச நீங்கல்லாம் எல்லா ஆப்பையும் சாம்பல் கலர்ல செஞ்சு வெச்சிருக்கீங்க. பார்த்தாலே தூக்கம் வருது.”

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “பச்சை கிடக்கட்டும். அந்தப் புகார்ப் பட்டியல்ல ‘மற்றவை’ன்னு ஒண்ணு வைக்கச் சொல்லு அவளை.”

வருஷக் கணக்காக மறுத்து வந்தவள் அன்றைக்கு என்ன நினைத்தாளோ, “சரி, அடுத்த வாரம் வைக்கிறேன்” என்றாள். வைக்க ஒரு நிமிடம் ஆகும். அவள் அதை ஒரு வேலையாக ஆப்பில் பதிந்தாள். பதிய மூன்று நிமிடம் ஆனது. வேலை: ‘மற்றவை’ சேர்க்க வேண்டும். பொறுப்பு: அம்மா. நிலை: நடந்துகொண்டிருக்கிறது.

வாசகரே, ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் மூன்று நிமிடம் செலவழித்து அதைப் பதிகிற ஓர் இனம் இருக்கிறது. கட்டக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் நிச்சயம் ஒருவர் உண்டு.

இவர்கள் பிறக்கும்போதே கட்டக்காரர்களாகப் பிறப்பதில்லை. ஒருநாள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். புரோகிராம் ஒரு வரிகூட எழுத வேண்டாம், கட்டங்களை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் ஆப் தயார், அறிக்கையும் தானாகவே வந்து விழும் என்று டை கட்டிய ஓர் இளைஞன் சொல்வான். நாற்பது பேர் கேட்பார்கள். முப்பத்தொன்பது பேர் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கிற ஒருவர் பிஸ்கட்டைத் தொட்டிருக்க மாட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் அப்போதே ஓடிப்போயிருக்க வேண்டும்.

அம்மா ஒரு மருத்துவமனையின் லினன் ரூமுக்குப் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி, திரைச்சீலை எல்லாம் எந்த வார்டுக்கு எவ்வளவு போயின, எவ்வளவு அழுக்காகத் திரும்பின, எவ்வளவு கிழிந்தன, எவ்வளவு எவர் கண்ணிலும் படாமல் காற்றோடு கலந்தன என்பதெல்லாம் அதுவரை துண்டுச் சீட்டுகளிலும் வார்டு சிஸ்டர்களின் ஞாபகத்திலும் இருந்தது. அம்மா அதையெல்லாம் கட்டத்துக்குள் கொண்டுவந்தாள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கட்டக்காரர் நல்ல காரியத்தோடு நின்ற வரலாறு கிடையாது. அடுத்த வாரம் வட்டப் படம் வந்தது. அதற்கடுத்து வண்ணக் கம்பிகள் வந்தன. பிறகு தலையணை உறைக்கு ஒரு வேகமானி வந்தது, கார்களில் இருப்பது போல, முள்ளோடு. தலையணை உறை எந்த வேகத்தில் போகிறது, எதற்காகப் போகிறது? யாரும் கேட்கவில்லை. முள் சிவப்புக்குப் போனால் எல்லோரும் பயந்தார்கள், அவ்வளவுதான்.

கட்டக்காரரின் பேச்சையும் கவனியுங்கள். “டேட்டா இருக்கா?” என்று ஆரம்பிப்பார். “ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க” என்று முடிப்பார். நடுவில் நீங்கள் சொன்னது எதுவும் பதிவாகியிருக்காது, ஏனென்றால் சிவப்பு நட்சத்திரம் போட்ட இடத்தை நீங்கள் நிரப்பவில்லை.

அலுவலகம் தீர்ந்துபோனதும் கட்டக்காரரின் பார்வை வீட்டின் மேல் விழும். ‘வீடு’ என்று ஓர் ஆப் பிறந்தது. பிறகு ‘வீடு புதுசு’. பிறகு ‘வீடு இதுதான் கடைசி’. இப்போது இருப்பதன் முழுப்பெயர் ‘வீடு இதுதான் கடைசி 4’. அதில் எங்கள் வீட்டு வேலைகளும் புகார்களும் அடக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் அம்மாவின் பெயரில் எங்கள் மூவருக்கும் வாராந்திர அறிக்கை வரும். மூவர் என்றால் அப்பா, நான், அம்மா. ஆமாம், அம்மா அம்மாவுக்கும் அனுப்பிக்கொள்வாள். படித்துவிட்டு, “ம், பரவாயில்லை” என்பாள்.

அப்பா ஓய்வுபெற்றவர். அந்த ஆப்பின் ஒரே முழுநேரப் பயனாளி.

“சமையலறைக் குழாய் ஒழுகுது.”

“ஆப்ல போட்டீங்களா?”

“நீ எதிர்லதானே நிக்கறே?”

“நான் நின்னா? குழாய்க்கு டிக்கெட் நம்பர் வந்துடுமா?”

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, இடம், வகை, அவசரம் எல்லாவற்றையும் நிரப்பி, குழாயைப் படமெடுத்து அனுப்புவார். அம்மாவின் கையிலிருந்த போன் ஒலிக்கும். அவள் பார்ப்பாள்.

“புதுப் புகார் ஒண்ணு வந்திருக்கு.”

“யார்கிட்டேருந்து?”

“உங்ககிட்டேருந்துதான்.”

இதில் கேலி எதுவும் இல்லை. முகத்தில் உண்மையான வியப்பு இருக்கும்.

புகாருக்கான வகைப் பட்டியலில் குழாய், மின்விளக்கு, மின்விசிறி, கதவு, பூச்சி, அக்கம்பக்கம் எல்லாம் உண்டு. ‘மற்றவை’ மட்டும் கிடையாது. கட்டக்காரரின் மதத்தில் அது மகாபாவம். “மற்றவைன்னு ஒண்ணு வெச்சா எல்லாரும் கண்ணை மூடிட்டு அதையேதான் அமுக்குவாங்க. அப்புறம் எதுக்கு ரிப்போர்ட்?” என்பாள். ஆகவே அப்பாவுக்குப் பொழுது போகவில்லையென்றாலும், என் போன் வரவில்லையென்றாலும், அம்மா தாமதமாக வந்தாலும் பட்டியலில் இடமில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இடம்: படுக்கையறை. வகை: மின்விசிறி. விவரம்: காலி. அந்தப் புகார் போனுக்கு வந்ததும் அம்மா லினன் ரூமிலிருந்து அவரைக் கூப்பிடுவாள். “என்னவாம் மின்விசிறிக்கு?” என்பாள். பதினைந்து நிமிடம் பேசுவார்கள். பிறகு புகார் மூடப்படும். அறிக்கையின்படி எங்கள் வீட்டில் அதிகம் பழுதாகும் பொருள் அந்த மின்விசிறிதான். வாங்கிய நாளிலிருந்து அது ஒருநாளும் நின்றதில்லை.

எனக்கு டேட்டாபேஸ் வேலை. முறையாகப் படித்தவள். ஒருமுறை அம்மா தன் ஆப்பின் உட்புறத்தைத் திறந்து காட்டினாள். பூனை உருட்டிய நூல்கண்டு போலிருந்தது. ஒரே தகவல் ஐந்து இடத்தில் இருந்தது, ஐந்தும் ஐந்து விதமாக. அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

“இதை இப்படிச் செய்யவே கூடாதும்மா.”

“ஓடுதா, இல்லையா?”

“ஓடுது.”

“அப்புறம் என்ன?”

 அது தப்பு என்பது மட்டும் தெரியும்.

பச்சை நிறத்துக்குச் சண்டை போட்டதற்கு அடுத்த புதன்கிழமை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா இறந்துபோனாள். இதயம். குழாய்க்கு, குப்பைக்கு, பால்காரர் விடுமுறைக்கு எல்லாவற்றுக்கும் நினைவூட்டல் வைத்திருந்தவள் இதற்கு ஒன்றும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நானும் அப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. என்னுடையது, அப்பாவுடையது, அலமாரியில் இருந்த அம்மாவுடையது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“அம்மா அனுப்பியிருக்கா,” என்றார் அப்பா. “என்ன போட்டிருக்கான்னு பாரு.”

பார்த்தேன். அம்மா: புதன்கிழமையிலிருந்து பதிவு எதுவும் இல்லை. நிலுவையில் உள்ள வேலைகள்: ‘மற்றவை’ சேர்க்க வேண்டும். நிலுவையில் உள்ள புகார்கள்: மின்விசிறி, மின்விசிறி, மின்விசிறி.

படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் லினன் ரூமிலிருந்து போன் வந்தது. அம்மாவோடு வேலை பார்த்தவர், நான் சிறுவயதிலிருந்து அக்கா என்று கூப்பிடுகிறவர்.

“ஏம்மா, இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதே. வார்டுலேருந்து விரிப்பு கேட்டு அனுப்புறாங்க. எல்லாம் ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ன்னே நிக்குது. உங்கம்மாதான் ஒப்புதல் குடுக்கணும்னு ஆப் சொல்லுது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு? சீட்டு எழுதி ஒப்பேத்திட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல அவங்க பேரை எடுத்துடுவாங்களாம். எடுத்துட்டா மொத்தமா நின்னுடுமாம்.”

மறுநாள் போனேன். வெளுத்த துணிகளின் சூடான வாசனை. சுவர் முழுக்க மடித்து அடுக்கிய விரிப்புகள். அம்மாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆப்பின் உட்புறத்தைத் திறந்தேன். இங்கேதான் வாசகருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டக்காரர் அசட்டையானவர் இல்லை. எதிர்காலத்தை யோசிப்பார். அம்மாவும் யோசித்திருந்தாள். ஒவ்வொரு கோரிக்கையும் கடைசியில் ‘ஒப்புதல்: அம்மா’ என்ற கட்டத்துக்குப் போகிறது. அவள் விடுப்பில் இருந்தால்? அதற்கு ஒரு தனி அம்பு. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். அவளுடைய வீட்டு மெயிலுக்குப் போனது. அங்கேயும் பார்க்கவில்லையென்றால்? இன்னோர் அம்பு, அவளுடைய போனுக்கு. உடல்நிலை சரியில்லையென்றால், இன்டர்நெட் இல்லையென்றால், வெளியூர் போயிருந்தால், எல்லாவற்றுக்கும் அம்பு வைத்திருந்தாள். எல்லா அம்பும் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

போதாததற்கு, ஒழுங்கான கட்டக்காரர் செய்யவே கூடாத, ஆனால் எல்லாக் கட்டக்காரர்களும் செய்கிற ஒரு காரியத்தையும் அம்மா செய்திருந்தாள். எங்கள் ‘வீடு’ ஆப்பையும் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை லினன் ரூம் நின்றால் எங்கள் வீடும் நிற்கும். திங்கட்கிழமை எதுவும் வராது. உயிரோடு வைத்துக்கொள்ள ஒரே வழி, அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போடுவது.

முதலில் லினன் ரூம். அம்மாவின் பெயர் இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் அக்காவின் பெயரைப் போட்டேன். அமுக்கச் சொன்னேன். காத்திருந்த கோரிக்கைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தலையணை உறையின் முள் சிவப்பிலிருந்து இறங்கியது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“நீங்க லீவுல இருந்தா யாருக்குப் போகணும்க்கா?”

“ஏம்மா, என் வீட்டு நம்பரையே போட்டுடேன்.”

“வேற யாராவது ஒருத்தர்...”

“வேற யாருக்கு என்ன தெரியும்?”

போட்டேன். இந்த இனம் அழியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு ஆப்பை என் கணக்குக்கு மாற்ற உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“இனிமே திங்கட்கிழமை அது யார் பேர்ல வரும்?”

“என் பேர்லப்பா.”

“அவ பேரை அப்படியே விட முடியாதா?”

“விட்டா நாளைக்கே நின்னுடும்.”

அப்பா குனிந்து திரையைப் பார்த்தார். “மாத்து,” என்றார். பிறகு, “பச்சையை மட்டும் மாத்தாதே. பாசி மாதிரி இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்.”

மாற்றினேன். புகார் வந்தால் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்டது. என் பெயர் போட்டேன். நான் பார்க்கவில்லையென்றால்? என் போன். அங்கேயும் எடுக்கவில்லையென்றால்? என் அலுவலக மெயில். அமுக்கிவிட்டுத்தான் கவனித்தேன். டேட்டாபேஸ் வேலை, முறையாகப் படித்தவள்.

இதுவரை சிரித்த வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் பெயரின் கடைசியில் ‘கடைசி’ என்று முடிகிற கோப்பு எத்தனை இருக்கிறது? எல்லா வரிசைக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்து, அந்த நிறத்துக்கு அர்த்தம் உங்களுக்கு மட்டுமே தெரிகிற அட்டவணை எதுவும் இல்லை என்று சத்தியம் செய்வீர்களா? சரி, அது போகட்டும். நாளைக்கு நீங்கள் வரவில்லையென்றால் உங்கள் அம்பு யாரிடம் போகும்? பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று.

நேற்று வேலை நேரத்தில் போன் ஒலித்தது. இடம்: படுக்கையறை. வகை: மின்விசிறி. விவரம்: காலி. கூப்பிட்டேன்.

“என்னப்பா மின்விசிறிக்கு?”

“சத்தம் வருது,” என்றார் அப்பா. பேசினோம்.

கட்டங்களில் பெயர் மாறினாலும் பழைய பதிவுகளில் பெயர் மாறாது. அம்மா அப்படித்தான் செய்து வைத்திருக்கிறாள். ஆகவே நிலுவைப் பட்டியலில் இன்னமும் ஒரு வரி இருக்கிறது. வேலை: ‘மற்றவை’ சேர்க்க வேண்டும். பொறுப்பு: அம்மா. நிலை: நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அந்தப் பச்சைப் பொத்தான்.

ஒரு நிமிட வேலை. அப்பா அதைப் பற்றிக் கேட்பதில்லை. நான் தொடவில்லை.