பதினெட்டு நகர்த்தலும் நாலு கம்பளமும்

ஜூலை வந்தால் எரெவானில் எங்கள் குடியிருப்பு முற்றம் முழுக்கச் சோப்பு நுரைதான். வீட்டுக்கு வீடு கம்பளங்களை இறக்கி விரித்துத் தேய்ப்பார்கள். எங்கள் வீட்டில் நாலு. நனைந்தால் ஒவ்வொன்றும் ஒரு எருமை கனம். ஒரு வருஷம் அப்பா தேய்ப்பார், மறு வருஷம் அம்மா.

இந்த முறை அப்பா ஸாவென் திடீரென்று அறிவித்தார். "முறை கிறையெல்லாம் வேணாம். சதுரங்கத்துல தோக்குறவங்க தேய்க்கணும்."

அம்மா ஹஸ்மிக் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "சரி, ஸாவென் ஜான்." ஜான் என்றால் எங்கள் மொழியில் செல்லம்.

அம்மா எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

அப்பா தொடக்க ஆட்டப் புத்தகம் ஒன்றைக் கரைத்துக் குடித்தார். பதினெட்டு நகர்த்தல். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஒப்பித்தார். மகளாயிற்றே, சும்மா விடுவேனா? சமையலறைக்குப் போய் அப்பா குரலிலேயே, நடுவில் வரும் கனைப்பு உட்பட, எல்லாவற்றையும் அம்மாவிடம் பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த ஏழாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுடி."

சிரிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. அப்பாவின் கை பறந்தது. மூன்றாவது நகர்த்தலில் அம்மா தன் ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்.

"இது புத்தகத்துலயே இல்லையே," என்றார் அப்பா.

"அதுக்கு நான் என்ன பண்ண? ஆடு."

ஆடினார். ஏழாவது நகர்த்தலில் தன் மந்திரியைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாயின் வாயிலேயே வைத்தார். இருபதாவதில் ராஜாவும் போயாச்சு.

பக்கத்து வீட்டுக் கார்லென் மாமா ஆட்டத்தை அலச வந்தார். மூக்கால் பேசுவார், பேசிக் காட்ட எனக்கு அல்வா மாதிரிக் குரல்.

"சிப்பாய் அங்க வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"ஏழாவது அதுதானே."

மாமா மூக்கைச் சொறிந்தார். அப்பா விடவில்லை. "ஆனா என் ஞாபகத்துல குறையே இல்ல. பதினெட்டும் அப்படியே இருக்கு."

அம்மா வாளியையும் பிரஷையும் அவர் முன்னால் வைத்தாள்.

"போன வருஷம் தேய்ச்சது யாரு, ஞாபகம் இருக்கா?"

அப்பா யோசித்தார். முகம் மெல்ல மெல்லத் தொங்கியது.

"நான்."

"அதான் அன்னிக்கு உடனே சரின்னேன், ஜான். ஓரத்துலேர்ந்து ஆரம்பி."