நட்டு ஏன் கடிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி வீட்டு ஓனர் கிருஷ்ணப்பன். கட்டிலில் சரிதா. தரையில் அவள் மகள் ரஞ்சிதா. ரஞ்சிதாவின் மடியில், கடித்த வாயைச் சமர்த்தாக மூடிக்கொண்டு, நட்டு என்கிற நாய். எல்லோருக்கும் எதிரே, காலண்டர் அட்டையைத் திருப்பிச் சுவரில் மாட்டி, ஸ்கெட்ச் பேனாவோடு நின்றிருந்தார் சரிதாவின் கணவர் அன்புமணி.

அன்புமணி ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். அங்கே ஒரு போல்ட்டில் கீறல் விழுந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். ஐந்தாவது 'ஏன்'னுக்குக் கிடைக்கும் பதில்தான் மூலகாரணம்.

"நோடப்பா அன்புமணி," என்றார் ஓனர். கோபம் வந்தால் அவர் கன்னடத்தில்தான் ஆரம்பிப்பார். "மொதல்ல போஸ்ட் கொண்டார்ற அம்மா. இப்ப நானு. தண்ணி மோட்டாரப் பத்திப் பேசிட்டிருக்கும்போதே கடிச்சிருச்சு."

அன்று மோட்டாரைப் பற்றிப் பேசியது அன்புமணி மட்டும்தான். ஓனருக்கு வாயைத் திறக்கவே சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமக்குள்ள நாய் போகணும். இல்ல, நாயோட சேந்து நீங்களும் போகணும்."

அன்புமணிக்குச் சுர்ரென்றது. "அதென்ன சார் நியாயம்? காரணம் தெரியாம ஒரு பொருள ரிஜெக்ட் பண்ண முடியுமா? ஊசி போட்ட நாய் இது. சும்மா கடிக்குமா?"

நட்டு உறுமியது. ரஞ்சிதா அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அட்டையில் முதல் 'ஏன்' எழுதப்பட்டது. ஏன் கடித்தது? அவிழ்த்து விட்டிருந்ததால். பதில் இவ்வளவு கச்சிதமாகக் கிடைத்துவிட்டதால் மீதி நான்கும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை நட்டுவை வாசல் குழாயில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மாலையில் பக்கத்து வீட்டு நாராயணம்மா வந்தார்.

"பைக்கக் கொஞ்சம் தள்ளி வெய்யிங்க. நடக்க வழியில்ல."

"என் வீட்டு வாசல்ல என் வண்டி நிக்குது. உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?" என்று அன்புமணி கத்தினார்.

எங்கே வலிக்கிறது என்று அடுத்த நொடியே நாராயணம்மாவால் காட்ட முடிந்தது. நட்டு இழுத்த இழுப்பில் குழாயும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. மாடித் தொட்டி காலியாகும்வரை தெருவில் தண்ணீர் ஓடியது.

"குழாய் போட்டவன் சரியில்ல!" என்று அன்புமணி கொதித்தார்.

இனிக் கட்டுவதற்குக் குழாய் இல்லை. இரண்டாவது ஏன்: வருகிறவர்களுக்கு இங்கே நாய் இருப்பது தெரியாததால்.

"நாராயணம்மாவுக்குத் தெரியுமேங்க," என்றாள் சரிதா.

"குறுக்க பேசாத."

கேட்டில் 'நாய் கடிக்கும்' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் போர்டு தொங்கியது. இனி எந்த ஊர்க்காரரும் சாக்குச் சொல்ல முடியாது.

புதன்கிழமை கேஸ் சிலிண்டரோடு வந்த மோகன்குமார், சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே தமிழைப் படித்தார். கன்னடத்தைப் படித்தார். தெலுங்கில் பாதி தாண்டியபோது அன்புமணி வெளியே பாய்ந்தார்.

"போர்டு வெச்சும் கேட்ட அடச்சுக்கிட்டு நிக்கிறியே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சுட்டுத்தான் சார் இரு..."

தெலுங்கை அவர் முடிக்கவில்லை. சிலிண்டர் விழுந்ததில் ஓனரின் வாசல்படியும் உடைந்தது.

அன்று சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்த அன்புமணியின் பாதத்தில், வழக்கம்போல் நட்டு தலையை வைத்துப் படுத்தது. கம்பெனி ஸ்கிராப் குவியலில் குட்டியாகக் கண்டெடுத்துப் பெயர் வைத்தவர் அவர்தான். கால் மரத்துப்போயும் அவர் நகர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை உத்தனப்பள்ளியிலிருந்து தக்காளித் தோட்டக்காரர் பெருமாள், நட்டுவைக் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்தார். பன்றி விரட்ட அவருக்குக் கடிக்கிற நாயாகவே வேண்டும். அன்புமணிக்கு உயிர் வந்தது.

"வாங்கண்ணே, வாங்க. உக்காருங்க. சரிதா, அண்ணனுக்கு டீ!"

பெருமாள் குச்சியை ஓங்கினார். நட்டு வாலை ஆட்டியது. காதைத் திருகினார். மல்லாந்து வயிற்றைக் காட்டியது. வாய்க்குள் கையை விட்டார். நக்கியது.

"சத்தியமாக் கடிக்கும்ணே! நாலு பேரக் கடிச்சிருக்கு. பக்கத்து வீட்ல வேணா கேளுங்க."

"இதுவா? பன்னி வந்தா பந்தி வெச்சு அனுப்பும் சார். வேல வெட்டிய விட்டுட்டு வந்தவன இப்படியா ஏமாத்துவீங்க?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கடிக்காதன்னா கடிக்குது, கடின்னா நக்குது! என்ன புராடக்ட் இது?" என்று அன்புமணி தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மாநகராட்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த முறை எதுவும் விட்டுப்போகவில்லை. 'மேற்படி நாய் எவ்விதக் காரணமுமின்றிப் பலரையும் கடித்து வருவதால், வண்டி அனுப்பிப் பிடித்துச் செல்லுமாறு...'

"வேணாம்ப்பா," என்று ரஞ்சிதா நட்டுவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? நாளைக்கு நாம எல்லாரும் தெருவுல நிக்கணுமா?"

அவருக்கும் கண் கலங்கியதில் பசை உறைக்கு வெளியேயும் பட்டது. எப்படியோ ஒட்டி முடித்தார்.

தபால்காரம்மா மாதேஸ்வரி, கடிபட்ட நாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றே தபாலை வீசுபவர். இன்று அன்புமணியே கேட்டைத் திறந்தார்.

"வாங்கம்மா, நெழல்ல நில்லுங்க. தண்ணி குடிக்கிறீங்களா? ஒரு ஒத்தாச செய்யணும். இதக் கொஞ்சம் ரிஜிஸ்தர் தபால்ல சேத்துருங்க. நட்டுவப் புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கேன்."

மாதேஸ்வரி பயந்து பயந்து உள்ளே வந்தார். நட்டு அவர் செருப்பை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அவர் தண்ணீரைக் குடித்து, உறையைப் பையில் போட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அன்னிக்குத் தபால் நனைஞ்சிருச்சுன்னு நீங்க என்னயத் திட்டுனீங்க, அது கடிச்சுது; இன்னிக்குத் தண்ணி குடுத்தீங்க, அது படுத்துக்கிச்சு. அப்ப அந்த வண்டி வந்து யாரப் புடிச்சுக்கிட்டுப் போகணும்?"