குடித்தனக்காரர் முன்னேறிவிடும் அபாயம் குறித்து

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் பதிலில் தெரிவிக்கவும், வருத்தப்படுகிறேன். உங்கள் முழங்கால் வலி, குழந்தைகளின் படிப்பு, வங்கியில் வரவேண்டிய உங்கள் பதவி உயர்வு ஆகியவற்றையும் விசாரித்ததாகக் கொள்ளவும்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "அத்தான், பணத்தைச் சும்மா வெச்சிருந்தா அது தூங்கிடும்" என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தீர்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்டினால் செலவில் மூன்றில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தரும், பாதியை உங்கள் வங்கி குறைந்த வட்டியில் தரும், மிச்சத்தை மட்டும் நான் போட்டால் போதும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினீர்கள். மிச்சம் என்பது நான் குடியிருந்த வீடு என்பது அதை விற்றபிறகுதான் புரிந்தது. ஆறு வீடு கட்டினேன். அவற்றில் நான் குடியேற முடியாது, என் ஓய்வூதியம் திட்டத்தின் வருமான வரம்புக்கு மேலே. ஆகவே வாடகை வீட்டில் இருக்கிறேன். அங்கே வாடகைக்கு வரம்பு கிடையாது.

நிபந்தனைகளை நீங்கள் கடைசியில் வேகமாகச் சொன்னதாக நினைவு. வாடகை அரசு சொன்ன தொகையைத் தாண்டக் கூடாது. குடியிருப்பவரின் வருமானமும் அரசு வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மானியத்தை வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள். அடுத்த ஆளைத் திட்ட அலுவலகம்தான் அனுப்பும். அனுப்பும்வரை வீடு பூட்டிக் கிடக்கும், தவணை மட்டும் ஓடும். அதாவது எனக்கு வேண்டிய மனிதர் ஏழையாக இருக்க வேண்டும், வாடகையைத் தவறாமல் தர வேண்டும், தவணை முடிய ஆகும் பதினைந்து வருஷத்துக்கு முன்னேறாமலும் இருக்க வேண்டும். மாப்பிள்ளை தேடுவது இதைவிடச் சுலபம்.

இந்த நிலையில் உங்கள் அக்காவை அந்தக் கட்டடத்துக்குள் விட்டது என் தப்பு. ஆயுள் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவர், யாராவது ஒரே இடத்தில் நின்றால் அவருக்குப் பொறுக்காது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைப் பள்ளிக்கு அழைத்துப்போய்ச் சீருடை ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு மிஷின் மூன்றாயிற்று, வரம்பு தாண்டியது, வீடு காலி. கூலிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சொந்த வேன் வாங்கக் கடன் மனு எழுதிக் கொடுத்தார். அதுவும் உங்கள் வங்கியில். அந்த வீடும் காலி. இரண்டு பேரும் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க வீட்டு ராசி சார்" என்றார்கள். அந்த ராசியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது வீடும் பூட்டினால் தவணை நின்றுவிடும், தவணை நின்றால் கட்டடம் உங்கள் வங்கிக்குப் போய்விடும்.

அப்போது பார்த்து மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் தம்பிக்குத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பதவி என்று செய்தி வந்தது. உடனே மாடி ஏறினேன்.

"சூப்பர்வைசர்னா தலைவலி தம்பி. ஏதாவது புகைஞ்சா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

"இப்பவும் என்னைத்தான் சார் கேக்கறாங்க."

அவர் மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "ஏன் அங்கிள், நாங்க நல்லா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"அப்படிச் சொல்லலம்மா. நல்லா இருங்க. கொஞ்சம் மெதுவா நல்லா இருங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உங்கள் அக்கா, "ஊர்ல எல்லா வீட்டுக்காரரும் வாடகை ஏறணும்னு வேண்டிப்பாங்க. அடுத்தவன் சம்பளம் ஏறக் கூடாதுன்னு வேண்டிக்கற ஒரே ஆள் நீங்கதான்" என்றார்.

யாருக்கும் நஷ்டமில்லாத வழி ஒன்று எனக்குத் தோன்றியது. தொழிற்சாலை மேனேஜரைப் போய்ப் பார்த்து, தம்பிக்குப் பதவியைக் கொடுங்கள், சம்பளத்தை மட்டும் ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் எழுந்து நின்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது எங்களுக்கே தோணலையே சார்" என்று காபி வரவழைத்தார்.

மறுநாள் சாயங்காலம் தம்பி என் வாசலில் வந்து நின்றார். "பதவி குடுத்துட்டாங்க சார். சம்பளம் அப்படியேதானாம். ஏன்னு கேட்டா, உங்க வீட்டுக்காரர் சிபாரிசுங்கறாங்க." அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே வேலையையும் விட்டுவிட்டார்.

இப்போது அவருக்கு வருமானமே இல்லை. திட்டத்தின்படி அவரைவிடத் தகுதியான குடித்தனக்காரர் நாட்டிலேயே கிடையாது. வேலை இழந்தவரை ஒரு வருஷத்துக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றும் அதில் ஒரு விதி இருக்கிறதாம், அதை நீங்கள் வேகமாகக்கூடச் சொல்லவில்லை. வீடு நிரம்பியிருக்கிறது, வாடகை இல்லை. உங்கள் அக்கா என்னிடம் பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்கிறார், சுவருக்கு எல்லாம் புரிகிறது.

ஆகவே தம்பிக்கு நீங்கள் ஒரு வேலை பார்த்துத் தரவும், சம்பளம் வரம்புக்குச் சற்றே கீழே இருந்தால் உத்தமம். கட்டடத்தை வாங்க ஓர் ஆளையும் பார்க்கவும். இனி செங்கல், மானியம், தவணை இந்த மூன்றின் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் பதவி உயர்வுக்கும் வாழ்த்துகள். நீங்கள் என் வீட்டில் குடியிருக்கவில்லை என்பதால் மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டு, சுவரை விட்டு என்னிடமே பேசினார். கட்டடத்தை விற்கப்போவதில்லை. தன் ஓய்வுப் பணத்தைப் போட்டு, பக்கத்து மனையில் அதே திட்டத்தில் இன்னும் எட்டு வீடு கட்டப்போகிறார். மின் வேலை முழுவதும் மாடிவீட்டுத் தம்பிக்குக் காண்டிராக்ட், காலையில் முன்பணமும் கொடுத்துவிட்டார். வேலை முடிவதற்குள் அவர் வரம்பைத் தாண்டிவிடுவாரே என்றேன். "தாண்டட்டும். நீங்க கடன் மனுல கையெழுத்தைப் போடுங்க" என்றார். போட்டுவிட்டேன். ஜாமீன்தாரருக்கான இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறோம், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வரவும்.