ஐஸ் பெட்டியில் அம்மன் சேலை

மாமியாருக்குப் பயப்படாத மாப்பிள்ளைகள் இருக்கலாம். மாமியார் மேல் சாமி வந்து, அந்தச் சாமி தன்னைத் தேடி வந்ததைப் பார்த்தவன் அப்படி இருக்க முடியாது.

சென்னையில் பழைய துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கல்யாணமும் புதுசு. கச்சிராயபாளையம் பக்கத்தில் மாமனார் ஊர். அந்த ஊர் மாரியம்மனுக்குத் திருவிழாவன்று மட்டும் கட்டும் பழைய அரக்குப் பட்டு, மாமனார் வீட்டுப் பெட்டியில் இருந்தது. திருவிழாவையொட்டி விடுமுறைக்குப் போனபோது எடுத்துக் காட்டினார். மடிப்பில் பூச்சி ஓடியது. சும்மா இருந்தேனா?

"மருந்தெல்லாம் வேணாம் மாமா. காத்து போகாம பையில கட்டி ஐஸ்ல வச்சா பூச்சி செத்துடும்."

மச்சினனின் ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில், குச்சி ஐசுக்கு அடியில், சேலை போய்ப் படுத்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கல்வராயன் மலைப்பக்கம் இருட்டினால் போதும், கரண்ட் போய்விடும். மேகத்தைப் பார்த்தாலே வியர்க்கும்.

வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த பட்டில் காற்றின் ஈரம் படிந்து சாயம் கலங்கும். ஆகவே திருவிழாவுக்கு முந்தின நாளே எடுத்திருக்க வேண்டும். நானோ பாயசத்தைக் குடித்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் கோயிலில் மேளம். ஊரே நிற்கிறது. என் மடியில், அப்போதுதான் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த விறைத்த பை.

"பிரிங்க மாப்ள, ஆத்தா காத்துக்கினு இருக்கா" என்றார் மாமனார்.

"இன்னும் கொஞ்சம் ஆறணும்... இல்ல, சூடாகணும் மாமா."

"இன்னா மாப்ள, இட்லியா அது?"

பிரித்தால் சேலை போகும், பிரிக்காவிட்டால் நான் போவேன். அதற்குள் கூட்டத்தில் மாமியார் தலைவிரித்து ஆடத் தொடங்கினார். 'வாங்க, போங்க' தவிர வேறு பேசாதவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"டேய்! என் சீலைய ஐஸ் பொட்டியில வச்சியாடா? குளிருதுடா எனக்கு!"

பையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

அம்மன் கட்டிக்கொண்டாள். நான் பயந்தபடியே சாயம் இறங்கி, முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. இன்றும் இருக்கிறது. சாமி மலையேறியதும் மாமியார், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாப்ள" என்றார். நம்பினேன்.

ஆனால் இன்றுவரை அந்த வீட்டில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். மாமியார் ஃப்ரிட்ஜ் கதவை மறைத்து நிற்பார்.

"நீங்க உக்காருங்க மாப்ள. இன்னா வேணுமோ நானே எடுத்தாறேங்க."

எத்தனை 'ங்க' போட்டாலும் என் காதில் 'டேய்' என்றுதான் விழுகிறது.