மும்மொழியார் சொன்ன கதை

"இதுல என்னங்க கஷ்டம்? மைக் முன்னாடி உட்கார வேண்டியது, அவங்க பேசறதைத் தமிழ்ல சொல்ல வேண்டியது. அவ்வளவுதானே!" என்றார் மேலாளர்.

"அவ்வளவுதான் சார்" என்றார் மும்மொழியார்.

அவர் அந்தக் கலையரங்கத்தின் அலுவலகத்தில் எழுத்தர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் இரண்டை எழுதிவிட்டு, இன்னும் இடம் மிச்சமிருக்கிறதே என்று மூன்றாவதாக ஒன்றையும் எழுதி வைத்தார். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு சின்ன தேசத்தின் மொழி. யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். அந்த மொழியை முப்பது நாளில் கற்றுத்தரும் புத்தகத்தில் அவர் ஒன்பதாம் பக்கம் வரை போயிருந்தார். வேலை கிடைத்தது, கூடவே பட்டப்பெயரும்.

இன்று அந்த தேசத்துப் படம் ஒன்று வந்துவிட்டது. படத்தை எடுத்த இயக்குநரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வராதது சப்டைட்டில் மட்டும்தான். கீழே முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

"நீங்க இல்லேன்னா இன்னிக்கு என் மானம் கப்பலேறியிருக்கும். உங்க மொழிபெயர்ப்பு உண்டுன்னு மேடையிலயும் சொல்லிட்டேன். நான் வாசல்ல இருக்கேன், அரங்கத் தலைவர் எப்ப வேணா வருவார்" என்று சொல்லிவிட்டு மேலாளர் ஓடினார்.

பால்கனிக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், படத்தின் ஒலியைக் கேட்பதற்கு ஒரு ஹெட்போன். மும்மொழியார் கதவைச் சாத்திக்கொண்டு முதல் வேலையாக மனைவிக்குப் போன் செய்தார்.

"அந்த முப்பது நாள் புத்தகம் எங்க இருக்கு?"

"கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கோமே, அதுவா?"

"சீக்கிரம் உருவி, ஒன்பதாம் பக்கத்துக்கு அப்புறம் என்ன இருக்குன்னு படி."

"கட்டில் மேல துவைச்ச துணி மலை மாதிரி கிடக்கு. என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க."

சொன்னார்.

"வேலை போயிடுமா?"

"வேலையோட போனா பரவாயில்ல. பொய் சொல்லிச் சேர்ந்தேன்னு கேஸ் போட்டா?"

"சரி, பதறாதீங்க. மொழி தெரியலேன்னா என்ன, கண்ணு தெரியுதுல்ல? நான் தினமும் குக்கர் சத்தத்துக்கு நடுவுல நாலு சீரியல் பாக்கறேன், ஒரு வார்த்தை காதுல விழறதில்ல, கதை புரியாமயா போகுது? பாக்கறதை என்கிட்ட சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

விளக்கணைந்தது. படம் ஆரம்பித்தது.

காரை பெயர்ந்த ஒரு வீடு. நடுவயதுப் பெண்ணும் பத்து வயதுப் பையனும் பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள்.

"அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள்" என்றார் மும்மொழியார், மைக்கில்.

கீழே நாலைந்து தலைகள் கூண்டின் பக்கம் திரும்பின. ஒருவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். சத்தமாகப் பேசச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, மும்மொழியார் குரலை உயர்த்தினார்.

அடுத்தது மருத்துவமனை. கட்டிலில் ஓர் ஆள். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்திருக்க, அவர் கண்ணை மூடினார். "கணவர் காலமாகிவிட்டார்!" என்று மும்மொழியார் தழுதழுத்தார். இதில் தப்புக்கு இடமில்லை. இயக்குநர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த காட்சி வந்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏய், செத்தவன் வந்துட்டான்!"

"எங்க?"

"சாப்பாட்டு மேஜைக்கு! சிரிச்சுக்கிட்டே ரொட்டி தின்னுறான்."

"அது ஃப்ளாஷ்பேக்குங்க. அவ நினைச்சுப் பாக்கறான்னு சொல்லுங்க."

சொன்னார். பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து நிமிஷம் போயிற்று. ஃப்ளாஷ்பேக் முடிகிற வழியாக இல்லை.

"இன்னும் நினைச்சுக்கிட்டேதான் இருக்கா."

"இவ்வளவு நேரமா? அடுப்புல எதையாவது வெச்சிருந்தா தீய்ஞ்சே போயிருக்கும். அப்ப அது நினைவு இல்லங்க. செத்தவனோட தம்பி. இரட்டைப் பிறவி. அண்ணன் போனதும் அண்ணியைக் கட்டிக்கிட்டான்."

மும்மொழியார் தம்பியை அறிமுகப்படுத்தினார். கீழே யாரோ பெருமூச்சு விட்டது தெரிந்தது. ஏற்றுக்கொண்டார்கள் என்று இவரும் மூச்சுவிட்டார்.

"இப்ப பையன் சின்னவனா ஆயிட்டான்."

"எவ்வளவு சின்னவன்?"

"முன்பல்லு ரெண்டு விழுந்திருக்கு."

"இது ரெண்டாவது பையன்."

"அப்ப மூத்தவன் எங்க?"

"ஹாஸ்டல்ல போட்டிருப்பாங்க. இதெல்லாமா கேக்கறது?"

மூத்தவன் விடுதிக்குப் போனான். ஆனால் அரைமணி கழித்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தத்தித் தத்தி நடந்து வந்தது. அது மூன்றாவது பையன் என்று முடிவாயிற்று. பல் விழுந்தவனும் விடுதிக்குப் போனான். வீட்டுச் சுவரில் காரை திரும்ப ஏறி, வெள்ளையடித்துப் பளபளவென்று நின்றது. கொத்தனார் வந்து போனதாக இவர் ஒரு வரி சேர்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று ஏதோ சொன்னாள். நடுவே ஒரு சொல், ஒன்பதாம் பக்கத்துச் சொல், காதில் தேன் மாதிரி விழுந்தது.

"குடை!" என்று மேஜையைத் தட்டினார் மும்மொழியார். "என் குடை எங்கே?"

திரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அதே நொடியில் முந்நூறு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். குழந்தை தன் கால்சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. நாற்காலியில் அரை அடி இறங்கிவிட்டார்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"இப்ப வீட்டுல பிள்ளையே இல்ல. அவ வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கறா."

"நாலாவதா! மூணையும் ஹாஸ்டல்ல தள்ளிட்டு நாலாவதா? நல்லா இருக்குங்க குடும்பம்!"

"நீதானே தள்ளச் சொன்னே!"

"நீங்கதானே பையன் சின்னவன் சின்னவன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க!"

சண்டை சூடு பிடிப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. ஒரு பேருந்து நிறுத்தம். பெஞ்சில் ஒரு சின்னப் பெண், மடியில் பை. ஓர் இளைஞன் வந்து, உட்காரலாமா என்பது போல் ஏதோ கேட்டான். அவள் நிமிர்ந்து அவனை யாரோ என்பது போலப் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

மும்மொழியார் ஹெட்போனைக் கழற்றினார்.

"அடிப்பாவி..."

"என்னங்க?"

"படம் தலைகீழா வருது. கடைசியில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா முதலுக்கு வந்திருக்கான். இப்பதான் ரெண்டு பேரும் முதல் தடவையா பாத்துக்கறாங்க."

"அப்ப தம்பி?"

"தம்பி இல்ல. ஒரே புருஷன். ஒரே பையன். அவன் இன்னும் பிறக்கவே இல்ல."

மனைவி மெதுவாக, "அவன் கண்ணை மூடறப்போ கையைப் பிடிச்சிருக்கப் போறது தான்தான்னு அவளுக்கு இப்ப தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப ஒண்ணும் பேசாதீங்க. பேசிக்கட்டும், விடுங்க."

அவர் பேசவில்லை. பெஞ்சில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேருந்து வந்தது, இருவரும் ஏறவில்லை. திரை இருண்டது.

விளக்கு எரிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அது இயக்குநருக்கு. தனக்கு என்ன காத்திருக்கிறதோ என்று படிக்கட்டில் இறங்கினார் மும்மொழியார். இவ்வளவு நல்ல படத்தை இப்படிச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்பதுதான் வேலை போவதைவிட அதிகமாக அரித்தது. மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

கீழ்ப்படியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தபடி வழிமறித்தார். "நீங்கதானே மொழிபெயர்ப்பாளர்? பேசாம விடவேண்டியதைப் பேசாம விடறதுக்கும் ஒரு மனசு வேணுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கடைசிக் காட்சியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

வாசலில் மேலாளர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "ஒரு ஆள் நடுவுல எழுந்து வரலையே! வர்றவங்க எல்லாம் அழுதுக்கிட்டே வர்றாங்க. என்னமா சொல்லியிருக்கீங்க!"

இயக்குநர் வந்து இவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"சந்தோஷம்ங்கறார் சார்" என்றார் மும்மொழியார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சார், உங்ககிட்ட தனியா ஒரு உண்மை சொல்லணும்..."

மேலாளர் அதற்குள் இயக்குநரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு அரங்கத் தலைவரிடம் போய்விட்டார்.

பின்னாலேயே போக மும்மொழியார் அடியெடுத்து வைத்தபோது, அரங்கத்தின் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், உங்க கால்ல வேணா விழறேன், மேலாளர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க மைக்கோட ஒயரை ஸ்பீக்கர்ல சொருகவே மறந்துட்டேன். நீங்க ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினதுல ஒரு வார்த்தைகூடக் கீழே யாருக்கும் கேக்கல!"